புதியவர் முட்டி நிற்கும் இடத்தை எழுதுங்கள்: ஆன்லைன் மார்க்கெட்டிங் கட்டுரை, எழுதுவது முதல் அனுப்புவது வரை

"டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றால் என்ன?", "எஸ்இஓவின் பத்து நன்மைகள்" போன்ற கட்டுரைகள் எடிட்டரின் இன்பாக்ஸில் ஓயாமல் குவிகின்றன. பெரும்பாலும் முதல் பத்தியோடு மூடப்படுகின்றன. எழுத்து மோசம் என்பதல்ல காரணம். ஆன்லைன் மார்க்கெட்டிங்குக்குப் புதிதாக வருபவர் நாலு வீடியோவாவது பார்த்துவிட்டுத்தான் வருகிறார். விளக்கமெல்லாம் அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அவர் முட்டி நிற்பது வேறு இடத்தில். முந்நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், பாதி ஸ்பேமுக்குப் போய்விட்டது. விளம்பரம் ஓடுகிறது, கிளிக் விழுகிறது, விற்பனை ஒன்றுகூட இல்லை. ஐந்து இடங்களில் லிங்க் பகிர்ந்தார், தள வருகையை எண்ணும் அனலிடிக்ஸ் கருவி அத்தனையையும் ‘டைரக்ட்’ (எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்கள்) என்ற ஒரே வரியில் போட்டுக் காட்டுகிறது.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்து, அவரை அங்கிருந்து நகர்த்திவிட்டால் அது பயனுள்ள கட்டுரை.

தலைப்பைச் சுருக்குவது

எழுத உட்காரும் முன் ஒரு வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள்: "இதைப் படித்து முடித்தவர் இன்ன வேலையைச் செய்து முடித்திருப்பார்." அந்த இடத்தில் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு செயல் வரவேண்டும். "மின்னஞ்சல் மார்க்கெட்டிங்கைப் புரிந்துகொண்டிருப்பார்" என்றால் தலைப்பு இன்னும் பெரிதாகவே இருக்கிறது. "தன் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்து, தனக்கே ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பி, மூன்றும் ‘பாஸ்’ ஆனதைப் பார்த்திருப்பார்" என்றால் கட்டுரை கையில் அகப்பட்டுவிட்டது. (மின்னஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் மூன்று பதிவுகள் இவை.) அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையாக இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் இரண்டு கட்டுரையாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்விகளைக் கற்பனை செய்யத் தேவையில்லை. தேடல் பெட்டியில் கருவியின் பெயரோடு ‘ஆகவில்லை’, ‘காட்டவில்லை’, ‘வரவில்லை’ என்று தட்டினால் என்னென்ன பரிந்துரைகள் விழுகின்றன என்று பாருங்கள். பயிற்சி வீடியோக்களுக்குக் கீழே, "12ஆவது நிமிடத்தில் நீங்கள் காட்டும் மெனு என் திரையில் இல்லை" என்று யாராவது கேட்டிருப்பார். அப்படிப்பட்ட ஒரு வரியிலிருந்தே முழுக் கட்டுரை எழுதலாம். பிழைச் செய்திகள் இன்னும் நல்ல ஊற்று. மாட்டிக்கொண்டவர் அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுகிறார். ஆகவே அந்தச் செய்தி கட்டுரையில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும்.

நிபுணரின் கணக்கில் எழுதினால் என்ன ஆகும்

தொடக்கநிலைக் கட்டுரைகள் தவறுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, எழுதுபவரின் கணக்கு பழையதாக இருப்பதால். ஆறு வருடமாகப் பயன்படுத்திவரும் கணக்கில் எல்லா அனுமதிகளும் திறந்திருக்கும், கட்டண விவரம் சரிபார்க்கப்பட்டிருக்கும், முதல்முறை நுழையும்போது கேட்கிற ஏழெட்டுக் கேள்விகள் மறைந்தே போயிருக்கும். புதியவர் உங்கள் இரண்டாவது படிக்கு வருவதற்குள்ளேயே நீங்கள் குறிப்பிடாத மூன்று திரைகளைத் தாண்டவேண்டியிருக்கும்.

எனவே புதிய மின்னஞ்சல் முகவரியில் புதிய கணக்கு திறந்து, கட்டுரையின் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரி குறித்துக்கொண்டே போகவேண்டும்: எதை அழுத்தினீர்கள், அடுத்து என்ன திரை வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. டொமைனின் டிஎன்எஸ் பதிவை (அந்தப் பெயருக்குரிய தளம், மின்னஞ்சல் எங்கே என்று இணையத்துக்குச் சொல்லும் குறிப்பை) மாற்றினால் அது எங்கும் பரவச் சில நிமிடங்களும் ஆகலாம், 48 மணி நேரம் வரையும் ஆகலாம். அதைச் சொல்லாவிட்டால் படிப்பவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, சரியாகப் போட்ட பதிவை அழித்துத் தவறாக ஒன்றைப் போடுவார்.

கட்டுரையின் மேலேயே, தொடங்குவதற்கு முன் கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று எழுதிவிடுங்கள். மேலே சொன்ன மின்னஞ்சல் வேலைக்குச் சொந்த டொமைன் வேண்டும், டிஎன்எஸ் மாற்றும் உரிமை உள்ள லாகின் வேண்டும், மின்னஞ்சல் அனுப்பும் சேவையில் நிர்வாகி அனுமதி வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாதவர் ஏழாவது படியில் போய் நின்று உங்களைத் திட்டுவதைவிட முதல் வரியிலேயே திரும்பிப் போவது மேல்.

படி எழுதும் விதம்

ஒரு படிக்கு ஒரு செயல். செயலுக்குப் பின் திரையில் என்ன தெரியும் என்பது. அது தெரியாவிட்டால் என்ன காரணமாக இருக்கலாம் என்பது. இந்த மூன்றும் இருந்தால் படி முழுமை. பெரும்பாலான கட்டுரைகளில் முதல் பாகம் மட்டுமே இருக்கும். ஆனால் புதியவருக்கு உயிர் மூன்றாவது பாகத்தில்தான் இருக்கிறது.

மாதிரிக்கு, எங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கண்டறிய லிங்கில் யூடிஎம் குறிகள் சேர்ப்பது எப்படி என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். செயல் சின்னது: லிங்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன்பின் சோர்ஸ் (வந்த இடம்), மீடியம் (வந்த வழி), கேம்பெய்ன் (பிரசாரத்தின் பெயர்) என்ற மூன்று குறிகளும் அவற்றின் மதிப்புகளும், நடுவில் ‘&’ அடையாளம். இதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எழுதாமல் விடுவது இவற்றை:

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறாக எண்ணப்படும். ஒருநாள் ஃபேஸ்புக் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி, மறுநாள் முழுக்கச் சின்ன எழுத்தில் போட்டால், அறிக்கையில் அது இரண்டு இடங்களாகப் பிரிந்து நிற்கும். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு என்று ஒரே விதி வைத்து, ஒரு ஷீட்டில் எழுதிவைத்துவிடச் சொல்லுங்கள்.

மீடியம் என்ற இடத்தில் மனம்போனபடி எழுதக்கூடாது. கூகுள் அனலிடிக்ஸ் 4 சில குறிப்பிட்ட சொற்களை வைத்துத்தான் வருகையை வகை பிரிக்கிறது. அங்கே ‘ஈமெயில்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தால் அது மின்னஞ்சல் கணக்கில் போய்ச் சேரும். அழகாக இருக்கிறதே என்று ‘நியூஸ்லெட்டர்’ என்று போட்டால் ‘அன்அசைண்டு’ (எந்த வகையிலும் சேராதவை) என்ற மூலையில் விழுந்துவிடும். புதியவருக்கு இது புரியவே புரியாது. லிங்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

லிங்கில் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால் இரண்டாவது கேள்விக்குறி போடக்கூடாது, ‘&’ போட்டுத் தொடரவேண்டும். ‘#’ இருந்தால் குறிகள் அதற்கு முன்னால் வரவேண்டும். பின்னால் போனால் அவை குறிகளாகவே கருதப்படமாட்டா. தளம் ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் அமைப்பில் இருந்தால், திருப்பும் வழியில் குறிகள் உதிர்ந்துபோவதும் உண்டு. லிங்கைத் திறந்து, பக்கம் முழுதாக ஏறியபின் முகவரிப் பட்டையில் குறிகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சொந்தத் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கில் யூடிஎம் போடவே கூடாது. போட்டால், வாடிக்கையாளரை உண்மையில் கூட்டிவந்தது எது என்பதில் அறிக்கை குழம்பிப்போகும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. பிரைவேட் விண்டோவில் லிங்கைத் திறந்து ‘ரியல்டைம்’ அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கடந்த 30 நிமிடங்களைக் காட்டும். வழக்கமான அறிக்கைகளில் விவரம் முழுதாக வந்து சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். ரியல்டைமிலும் வரவில்லை என்றால் சந்தேகப்படவேண்டியவை மூன்று: விளம்பரத் தடுப்பான் இயங்குகிறது, குக்கீ அனுமதிப் பட்டையில் மறுப்பை அழுத்தியிருக்கிறார், அல்லது சொந்த அலுவலக முகவரியிலிருந்து வரும் வருகையை விலக்கும் வடிகட்டி போடப்பட்டிருக்கிறது.

செயலை நான்கு வரியில் சொல்லி, தவறுவதை நான்கு பத்தியில் சொல்லியிருக்கிறோம். விகிதம் இப்படித்தான் இருக்கவேண்டும். எடிட்டர் ‘நீளமாக இருக்கிறது’ என்று சொன்னால் முன்னுரையை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

மின்னஞ்சல் கட்டுரைக்கும் இதே கதைதான். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்கவேண்டும். விளம்பர மின்னஞ்சலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. இதை எழுதினால் தகவல். ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருந்தால் சரிபார்ப்பே பிழையாகிவிடும், புதிய சேவையைச் சேர்க்கும்போது பழைய பதிவுக்குள்ளேயே அதைச் சேர்க்கவேண்டும் என்று எழுதினால்தான் உதவி. அனுப்புநர் முகவரியாக இலவச ஜிமெயில் முகவரியையே வைத்துக்கொண்டு வேறொரு சேவை வழியாகக் கூட்டமாக அனுப்பினால் டிமார்க் தோற்றுப்போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். புதியவர்கள் விழும் குழிகளில் அது முக்கியமானது.

எண்களைக் கணக்கு போட்டே காட்டுங்கள்

"கன்வர்ஷன் ரேட்டை, அதாவது வருபவர்களில் வாங்குபவர்களின் விகிதத்தை, உயர்த்துங்கள்" என்ற அறிவுரையால் யாருக்கும் பயன் இல்லை. கணக்காகப் போட்டால் பயன் உண்டு. ஒரு விற்பனையில் கையில் நிற்கும் லாபம் 300, விளம்பரத்தில் ஒரு கிளிக்கின் விலை 10, நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு விற்பனைக்கு 50 கிளிக், அதாவது 500 செலவு. விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 200 நட்டம். நட்டமில்லாமல் நிற்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 3.33 பேர் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் கிளிக் விலை 6க்கு இறங்கவேண்டும். இதைப் படித்தவர் தன் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று மாலையே விளம்பரத்தை நிறுத்திவைக்கக்கூடும். அவர் காசை மிச்சப்படுத்திய கட்டுரை அது.

ஏ/பி சோதனை (இரண்டு வடிவப் பக்கங்களில் எது நன்றாக விற்கிறது என்று ஒப்பிடுவது) பற்றி எழுதுகிறவர்கள், அதற்கு எத்தனை பார்வையாளர்கள் வேண்டும் என்று சொல்லாமல் போவது பெரிய குறை. ஒரு பக்கத்துக்கு 200 பேர் வந்து 4 பேர் வாங்கினார்கள், இன்னொரு பக்கத்துக்கு 200 பேர் வந்து 7 பேர் வாங்கினார்கள் என்றால் இரண்டாவது பக்கம் வென்றது என்று சொல்லிவிட முடியாது. தற்செயலாகவே அந்த அளவு வித்தியாசம் வரும். 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, வழக்கமான புள்ளியியல் அளவுகோல்களின்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 3,800 பார்வையாளர்கள் வேண்டும். மாதம் ஐந்நூறு பேர் வரும் தளத்துக்கு பொத்தானின் நிறத்தைச் சோதிக்கச் சொல்வது வீண் அறிவுரை. அவருக்கு வேண்டியது, வாங்காமல் போன ஐந்து பேரிடம் காரணம் கேட்பது.

எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்று காட்டும் ‘ஓப்பன் ரேட்’டையும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யாதீர்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமை வசதி, படிப்பவர் திறக்காவிட்டாலும் மின்னஞ்சலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மின்னஞ்சலில் மறைவாக வைக்கும் ஒரு சின்னப் படம் இறங்குவதை வைத்துத்தான் திறப்பு எண்ணப்படுகிறது என்பதால், எண்ணிக்கை ஊதிப்போய் நிற்கும். கிளிக்கும் பதிலும் அதைவிட நம்பத் தகுந்தவை.

வருமான ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்த விற்பனையைக் காட்டும் படம் லாபத்தைக் காட்டாது. விளம்பரச் செலவு, ரீஃபண்ட், கருவிகளுக்கான மாதக் கட்டணம் மூன்றையும் பக்கத்தில் எழுத மனமில்லாதவர் அந்தப் படத்தையே போடாமல் விடலாம். புதியவரை ஏமாற்றும் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன.

அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக யாராவது வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் தரும் லிங்க்) சேர்த்தால் அதை லிங்குக்கு அருகிலேயே, அதற்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவது போதாது என்பது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்தின் நிலைப்பாடு. பல எடிட்டர்கள் வாசகர் கட்டுரைகளில் அஃபிலியேட் லிங்கையே ஏற்பதில்லை, கேட்டுவிட்டுச் சேருங்கள்.

படங்கள்

ஸ்கிரீன்ஷாட்டில் முழுத் திரையையும் போடவேண்டாம். கைபேசியில் பார்ப்பவருக்கு எழுத்தே தெரியாது. அழுத்தவேண்டிய பொத்தானும், அது திரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று புரியும் அளவு சுற்றுப்புறமும் இருந்தால் போதும். மின்னஞ்சல் முகவரி, கணக்கு எண், ஏபிஐ கீ (ஒரு சேவையை இன்னொரு மென்பொருள் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு), வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றை மங்கலாக்காதீர்கள், கெட்டியான கட்டம் வைத்து மூடுங்கள். மங்கலாக்கியதிலிருந்து எழுத்தை மீட்கும் வழிகள் இருக்கின்றன. மூடியபின் புதிய படமாகச் சேமியுங்கள். டாகுமென்டில் படத்தின் மேல் கட்டம் வரைந்து அனுப்பினால் எடிட்டர் அதை நகர்த்தினாலே அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். படத்தில் மட்டுமே இருக்கும் தகவல் எதுவும் இருக்கக்கூடாது. மெனுவின் பெயர், போடவேண்டிய மதிப்பு எல்லாம் எழுத்திலும் வரவேண்டும், நகலெடுக்கும் வகையில்.

அனுப்பும் முன் கட்டுரையை ஒரு புதியவரிடம் கொடுத்து, அவர் அதைப் பார்த்து வேலையைச் செய்வதை வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே மேலே ஸ்க்ரோல் செய்து திரும்பப் படிக்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார், அது சோதனை ஆகாது. ஏஐ கருவியில் வரைவு எடுத்தவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கட்டாயம். இல்லாத மெனுவையும் போன வருடமே எடுத்துவிட்ட பொத்தானையும் அவை கொஞ்சமும் தயங்காமல் எழுதிவைக்கும்.

எங்கே அனுப்புவது, எதற்காக அனுப்புவது

இதில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2000களில் கட்டுரை டைரக்டரிகள் என்று இருந்தன. ஒரு கட்டுரையை எழுதி, சொற்களை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் போட்டு, அடியில் லிங்க் வைப்பார்கள். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் வரிசையில் கொண்டுவந்த ‘பாண்டா’ என்ற மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தைப் பாதித்தது. அந்த டைரக்டரிகள் பல அதில் சரிந்தன. அடுத்து எல்லோரும் கெஸ்ட் போஸ்ட் (பிறர் தளத்தில் விருந்தினராக எழுதும் கட்டுரை) பக்கம் ஓடினார்கள். 2014 ஜனவரியில் கூகுளின் ஸ்பேம் தடுப்புப் பிரிவுத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், லிங்குக்காக மட்டும் எழுதும் கெஸ்ட் போஸ்டின் காலம் முடிந்தது என்று எழுதினார். தளங்களும் 2005இல் வந்த ‘நோஃபாலோ’ குறியை (இந்த லிங்கைத் தளத்தின் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்வதை) வெளியாட்களின் லிங்குகளில் போடத் தொடங்கின. 2019 செப்டம்பரில் காசு கொடுத்த லிங்குகளுக்காக ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக் குறியும் வந்தது. பெரிய தளத்தின் பெயரை வாடகைக்கு எடுத்துச் சம்பந்தமில்லாத கட்டுரைகளைப் போடுவதையும் 2024இல் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

ஆகவே பேக்லிங்குக்காக (பிற தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்குக்காக) எழுதுவதை மறந்துவிடுங்கள். கட்டுரை ஒரு இடத்தில் வெளியானால் கிடைக்கவேண்டியது அந்த இடத்து வாசகர்கள். அவர்கள் உங்கள் கட்டுரைக்குரிய புதியவர்கள்தானா என்பதுதான் கேள்வி. அங்கே சமீபத்தில் வந்த பத்துக் கட்டுரைகளைப் படித்தால் தெரியும்: படிப்படியாக விளக்குகிறார்களா, கருத்துக் கட்டுரைகளா? எழுத்தாளர்கள் வேறுவேறு பேரா, ஒரே நிறுவன ஆட்களா? திருத்தியதற்கான அடையாளம் தெரிகிறதா? காசு கொடுத்தால் போடுகிறோம் என்பவர்கள் விற்பது விளம்பர இடம். அதை வாங்குவது தப்பில்லை, ஆனால் விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரவேண்டும்.

எழுதுவோருக்கான விதிமுறைப் பக்கம் இருந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். சிலர் முழுக் கட்டுரை கேட்பார்கள், சிலர் யோசனை மட்டும் கேட்பார்கள். யோசனை கேட்கும் இடத்துக்கு முழுக் கட்டுரையை அனுப்பினால் விதியைப் படிக்கவில்லை என்பதை நீங்களே சொன்னதாகிவிடும்.

யோசனைக் கடிதம் ஏழெட்டு வரிக்குள் இருக்கட்டும். சப்ஜெக்ட் லைனில் ‘கட்டுரை யோசனை:’ என்று தொடங்கித் தலைப்பை எழுதுங்கள். உள்ளே இப்படி:

"வணக்கம். சொந்த டொமைனிலிருந்து முதன்முதலாகக் கூட்ட மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குபவர்களுக்காக, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்பதைப் படிப்படியாக விளக்கும் கட்டுரை ஒன்றை முன்வைக்கிறேன். படித்து முடிப்பவர் சோதனை மின்னஞ்சலில் மூன்றும் தேறியதைத் தானே பார்த்திருப்பார். உட்தலைப்புகள்: தேவையானவை, மூன்று பதிவுகள், இரண்டு எஸ்பிஎஃப் இருந்தால் என்ன ஆகும், சரிபார்க்கும் முறை. புதிய கணக்கில் செய்து பார்த்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் எட்டு உண்டு. உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஸ்பேம் பற்றிய கட்டுரை காரணங்களைச் சொல்கிறது. இது அமைக்கும் வேலையைச் சொல்லும். 1,500 சொற்கள், பத்து நாளில் தர முடியும். முன்பு எழுதிய இரண்டு கட்டுரைகளின் லிங்க் கீழே."

‘உங்களிடம் ஏற்கெனவே உள்ள கட்டுரை’ என்ற அந்த ஒரு வரிதான் கூட்டத்திலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும். உங்கள் தளத்தை நான் தினமும் ரசித்துப் படிக்கிறேன் என்ற புகழ்ச்சியால் அது நடக்காது.

ஒரே யோசனையை ஒரே சமயத்தில் நாலு இடத்துக்கு அனுப்பக்கூடாது. இரண்டு இடத்தில் சரி என்றால் ஒருவரை இழப்பீர்கள், திரும்பவும் அவர் கதவைத் திறக்கமாட்டார். பதிலுக்கு எத்தனை நாள் என்று விதிமுறையில் இருந்தால் அதுவரை பொறுங்கள்; இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து இரண்டு வரியில் நினைவூட்டலாம். மேலும் ஒரு வாரம் பதிலில்லை என்றால், வேறிடத்துக்கு அனுப்புகிறேன் என்று தெரிவித்துவிட்டு அனுப்புங்கள்.

கட்டுரையை ஒப்படைக்கும்போது

அபத்தமாகத் தோன்றினாலும் அடிக்கடி நடப்பது: ஆன்லைன் டாகுமென்ட் லிங்கை அனுப்புவார்கள், அனுமதி பூட்டியே இருக்கும். எடிட்டர் ‘அணுகல் வேண்டும்’ என்று அழுத்திவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். பிரைவேட் விண்டோவில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கருத்து எழுதும் அனுமதியும் கொடுத்துவிடுங்கள். படங்களைத் தனி ஃபோல்டரில், கட்டுரையில் வரும் வரிசைப்படி எண்ணிட்டு வையுங்கள். டாகுமென்டுக்குள் ஒட்டிய படம் வெளியே எடுக்கும்போது தரம் குறையும்.

எழுத்தாளர் குறிப்பு இரண்டு மூன்று வரி, லிங்க் ஒன்று. அந்த லிங்க் முகப்புப் பக்கத்துக்குப் போகவேண்டாம். டிமார்க் கட்டுரையைப் படித்தவருக்கு அடுத்து வேண்டியது, பதிவுகளைச் சரிபார்க்கும் ஒரு செக்லிஸ்ட். அந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். யூடிஎம் குறி சேர்க்கலாமா என்று கேட்டுவிட்டுச் சேர்த்தால், அந்தக் கட்டுரை எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்றும் தெரியும்.

உரிமை பற்றி முன்கூட்டியே கேட்கவேண்டியவை: கட்டுரை அவர்களுக்கு மட்டுமா, எவ்வளவு நாள் கழித்து உங்கள் தளத்தில் போடலாம், போடும்போது மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘கேனானிகல்’ குறி அவர்கள் பக்கத்தைக் காட்டவேண்டுமா, திருத்திய வடிவத்தை வெளியிடும் முன் உங்களுக்குக் காட்டுவார்களா, தொகை உண்டென்றால் எப்போது. மின்னஞ்சலில் எழுத்தாகப் பதில் வாங்கி வையுங்கள்.

எடிட்டர் எழுதும் கருத்துகளில் ‘இது எப்படி?’, ‘எங்கே அழுத்துவது?’ என்று வருபவற்றுக்குக் கருத்துப் பெட்டியில் பதில் எழுதிவிட்டு நகராதீர்கள். அவர் கேட்டதையே வாசகரும் கேட்பார்; பதில் கட்டுரைக்குள் போகவேண்டும். திருத்தத்தில் வாக்கியங்கள் சுருங்கும்போது படிகள் இடம் மாறிவிடுவதும் உண்டு. நடைக்காகச் செய்த மாற்றங்களை விட்டுக்கொடுங்கள். படிகளின் வரிசைக்காகச் சண்டை போடுங்கள். திருத்தம் முடிந்த வடிவத்தை வைத்து வேலையை இன்னொருமுறை செய்து பார்த்தால் அரை மணி ஆகும், அதைத் தவிர்க்கவேண்டாம்.

வெளியானபின்

முதல் நாளே கைபேசியிலும் கணினியிலும் திறந்து பாருங்கள். வெளியீட்டு மென்பொருள்கள் செய்யும் குறும்பு ஒன்று உண்டு: நேர் மேற்கோள் குறிகளை வளைந்தவையாக மாற்றிவிடும், இரண்டு ஹைஃபன்களை ஒரே நீளக் கோடாக ஆக்கிவிடும். உரைநடையில் அது அழகு. டிஎன்எஸ் பதிவிலோ வருகையை எண்ணும் டிராக்கிங் நிரலிலோ அப்படி மாறியதை வாசகர் நகலெடுத்து ஒட்டினால் வேலை செய்யாது, தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார். நிரல் வரும் இடங்களை நிரலுக்கான தனிப் பெட்டியில் போடச் சொல்லி எடிட்டருக்கு உடனே எழுதுங்கள். லிங்குகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள், படங்கள் வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாசகர் கேள்விகளில் ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால் அது கட்டுரையில் விட்டுப்போன வரி. அந்த வரியை எழுதி, எங்கே சேர்க்கவேண்டும் என்று சுட்டி அனுப்பினால் பெரும்பாலான எடிட்டர்கள் சேர்த்துவிடுவார்கள்.

கருவிகளின் திரைகள் மாறிக்கொண்டே இருக்கும். கூகுளின் பழைய யூனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய விவரங்களைச் சேகரிப்பதை நிறுத்தியபோது, அதை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் அத்தனையும் செல்லாமல் போயின. கட்டுரையின் மேலே ‘இன்ன மாதத் திரைகளின்படி’ என்று ஒரு வரி போட்டுவையுங்கள். நீங்கள் எழுதியவற்றுக்கு ஒரு ஷீட் வைத்து, தலைப்பு, வெளியான தேதி, எந்தக் கருவி, கடைசியாகச் செய்து பார்த்த தேதி, எடிட்டரின் முகவரி என்று ஐந்து நெடுவரிசை போட்டால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் மேலே இருப்பதை எடுத்து மறுபடியும் புதிய கணக்கில் செய்து பாருங்கள். எந்தப் படி மாறியிருக்கிறதோ அந்தப் படியையும் அதன் படத்தையும் மட்டும் மாற்றி அனுப்பினால் எடிட்டருக்கு ஐந்து நிமிட வேலை.